மாத்திரை தீர்ந்த பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ‘மனநல மருத்துவர்கள் போதவில்லை’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. உண்மைதான். 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. ஆனால் செய்தி அதோடு நின்றுவிடுகிறது. மருத்துவரை ஒருமுறை பார்த்து, நோய் இன்னதென்று தெரிந்து, மாத்திரையும் வாங்கிப்போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வராமல் நின்றுவிடுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மனநலப் பிரிவுகளில் செவிலியராக, சமூகப் பணியாளராக, மருந்தாளுநராக வேலை செய்யும் நாங்கள் சிலர் அவர்களுக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். ‘விழிப்புணர்வு இல்லாததால் நின்றுவிட்டார்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்களை நிற்க வைக்கும் காரணங்களில் பல நம் சிகிச்சை முறையிலேயே இருக்கின்றன, அவற்றில் பலவற்றைச் செலவில்லாமல் சரிசெய்ய முடியும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறித்த கிழமையில் வந்து பார்க்கிறார். அந்தக் கிழமை அரசு விடுமுறையாக இருந்தாலோ, அவர் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலோ வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். போன முறை பதினைந்து நாள் மாத்திரை வாங்கியவருக்கு இது வெறும் அலைச்சல் அல்ல. அவருக்கும் துணைக்கு வந்தவருக்கும் ஒருநாள் கூலி போயிற்று, பஸ் காசு போயிற்று. அடுத்த கிழமை வரை கையில் மாத்திரையும் இல்லை.

மனச்சிதைவு நோயில் மாத்திரையை நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. அதனால்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. முதல் சில வாரங்களில் தூக்கக் கலக்கம் தெளியும், உடம்பு லேசாகும், ‘மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தோன்றும். அதன் பிறகு தூக்கம் குறையும், சந்தேகம் தலைகாட்டும், காதில் குரல் கேட்கும். அந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குக் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். ஆறு நாள் இடைவெளியில் ஆரம்பித்தது ஆறு மாத வேலையிழப்பில் முடிவதும் உண்டு. க்ளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் சீக்கிரம் வரும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவையே எடுத்து விழுங்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயக்கம் போட்டுவிடும், வலிப்பும் வரலாம். மறுபடி 12.5 மில்லிகிராமில் ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். இதை மாத்திரை உறையின் மேல் பேனாவால் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். அப்படி எழுதிய உறையைக் காண்பதே அரிதாக இருக்கிறது.

நிலைமை சீராக இருப்பவருக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஒருமுறை அவர் நேரில் வரட்டும், மறுமுறை வீட்டார் சிகிச்சை அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளட்டும். மனநல மருத்துவர் வராத நாளில், அட்டையில் உள்ள அதே மருந்தை அதே அளவில் பொது மருத்துவர் தொடர்ந்து எழுதித் தரலாம். சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை. தயக்கம்தான் தடை. எல்லோருக்கும் அப்படி மொத்தமாகக் கொடுத்துவிட முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். புதிதாகச் சிகிச்சை தொடங்கியவரை இரண்டு வாரத்தில் பார்த்தே ஆகவேண்டும். தற்கொலை எண்ணம் இருப்பவர் கையில் மாதக்கணக்கான மாத்திரை இருக்கக் கூடாது. முக்கியமாக மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலினும் இருமுனைய நோய்க்கான லித்தியமும் அளவு மீறினால் உயிரைப் பறிக்கும் மருந்துகள். அவருக்கு ஒரு வார மாத்திரை மட்டும் கொடுத்து, அதையும் வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைக்கச் சொல்ல வேண்டும். யாருக்கு எத்தனை நாள் மாத்திரை என்று ஆளைப் பார்த்து முடிவெடுப்பது மருத்துவரின் கடமை. எல்லோருக்கும் பதினைந்து நாள் என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மனநல மாத்திரைகளான ரிஸ்பெரிடோனுக்கும் எஸ்சிட்டலோப்ராமுக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வாசலில் நின்று ‘மனநல மாத்திரை வந்திருக்கிறது’ என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டால், அந்த வீட்டில் அடுத்த மாதம் கதவு திறக்காது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவுப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் எல்லா நேரத்திலும், இலவசமாக, சமுதாய நல மையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். ‘எல்லா நேரத்திலும்’ என்பது சட்டத்தின் சொல், நாங்கள் சேர்த்தது அல்ல. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு மனநலச் சேவைகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் சிகிச்சை பெறும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எனவே மருந்து இல்லையென்று சொல்லப்பட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். ஓபி சீட்டில் மருந்தின் பெயர், தேதி, ‘இருப்பில் இல்லை’ என்ற மூன்றையும் எழுதித் தரக் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன ‘இல்லை’ எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சீட்டில் எழுதியது மருத்துவ அலுவலரின் மேசைக்கும், தேவைப்பட்டால் இந்தச் சட்டத்தின்கீழ் புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் போகும்.

மருந்து கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கவலை பரிசோதனை. இதைப் பற்றி வெளியே யாரும் பேசாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைய நோய்க்கு லித்தியத்தைப் போல நீண்டகாலம் கைகொடுக்கும் மருந்துகள் குறைவு, அதன் விலையும் குறைவு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் கொஞ்சம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் நல்லது. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு அறிகுறிகள் தொடங்கும், 2ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. இரவு ஒன்பதுக்கு மாத்திரை போட்டவர் காலை ஒன்பதுக்கு, காலை மாத்திரையை விழுங்காமல் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். இதை யாரும் சொல்லாததால் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். அளவு கூடுதலாகக் காட்டுகிறது, மருத்துவர் மாத்திரையைக் குறைக்கிறார், நோய் திரும்புகிறது. தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வயல் வேலையும் கட்டட வேலையும் செய்கிறவருக்கு வியர்வையில் நீரும் உப்பும் போகப்போக, சிறுநீரகம் லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிக்கொள்கிறது. வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படித்தான். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், லோசார்டன், நீர் பிரிவதற்கான மாத்திரை எல்லாமே லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். ஒரே கட்டடத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு நோட்டும் மனநலத்துக்கு வேறொரு நோட்டும் இருந்தால், எனலாப்ரில் எழுதுகிறவருக்கு லித்தியம் கண்ணில் படுவதே இல்லை. கை நடுக்கம் பெரிதாவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, பேதி ஆகியவற்றைக் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடக் கூடாது.

க்ளோசபினுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். பிறகு ஓராண்டு முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை. மொத்த வெள்ளணு 3,000க்குக் கீழோ, அதில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 1,500க்குக் கீழோ இறங்கினால் மருந்தை நிறுத்த வேண்டும். இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலைச் சின்னதாக நினைக்க வேண்டாம். இந்த மருந்தில் குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு. பீடி குடிக்கிறவர் திடீரென்று விட்டுவிட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும் என்பதையும், வார்டில் சேர்த்து பீடியைப் பிடுங்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். இந்த வெள்ளணு எண்ணிக்கை எந்த ஆய்வகத்திலும் செய்யும் சாதாரணச் சோதனைதான். அதைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து முடிவை போனில் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டால் பலர் தொடர்ந்து வருவார்கள். வாரம் ஒருமுறை மாவட்டத் தலைநகருக்கு வரச்சொன்னால் ஐந்தாம் வாரம் நின்றுவிடுவார்கள். பிறகு ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று அவர்கள் கோப்பில் எழுதப்படும். அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு மனம் பதைக்கிறது.

வலிப்புக்கும் இருமுனைய நோய்க்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணுக்கு இதை எழுதும்போது, கர்ப்ப காலத்தில் இந்த மருந்துக்கு ஆளாகும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறையும், முப்பது நாற்பது பேருக்கு வளர்ச்சிக் குறையும் ஏற்படுகிறது என்பதை அவரிடமே சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் சொன்னால் போதாது, மாமியாரிடம் சொன்னால் போதவே போதாது. முதுகுத்தண்டு உருவாவது கருத்தரித்த முதல் நான்கு வாரத்தில், அதாவது தான் கர்ப்பமாக இருப்பதைப் பல பெண்கள் அறியும் முன்பே. வேறு மருந்துக்கு மாற வேண்டுமென்றால் திருமணப் பேச்சு நடக்கும்போதே மாற வேண்டும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, வலிப்போ நோயோ திரும்பும். மருத்துவரைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மருந்தைப் பற்றி நோயாளியிடம் சொல்லவேண்டியதைச் சொல்வதே சிகிச்சையில் பாதி. மனச்சோர்வுக்கான மாத்திரை முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் தரும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் ஐந்தாம் நாளே தூக்கி எறிந்துவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனச்சிதைவுக்கான ஹாலோபெரிடால் ஊசி போட்டு அனுப்பிய இளைஞருக்கு இரவில் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டு கண் மேலே சொருகுவதுண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ப்ரோமெத்தசின் ஊசியில் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் பக்கவிளைவு அது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அங்கே போவார்கள். சொல்லாவிட்டால் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் போவார்கள், அந்த ஊசியின் பக்கம் அதன்பிறகு வரவே மாட்டார்கள்.

வீட்டார் கேட்கும் கேள்விகளில் மிகக் கடினமானது, ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?’ என்பது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அடி வாங்கி, தூக்கமில்லாமல், வேறு வழி தெரியாமல் கேட்கிறார்கள். அதற்காக ஆளைப் பார்க்காமலே வாயில் கரையும் ஓலான்சபின் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுவது சரியல்ல. பாதி காபியை வைத்துவிட்டால் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கும். தூங்கி வழிந்துகொண்டு வண்டி ஓட்டுவார். சர்க்கரை ஏறினாலும் சோதிக்க வழியில்லை. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த சந்தேகத்துக்கு நாமே சாட்சி கொடுத்துவிடுகிறோம், அதன்பின் அந்த வீட்டில் அவர் கைநனைக்க மாட்டார். நேர்மையான வழிகள் இருக்கின்றன. அவசரநிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும், நோயாளியின் சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதத்தோடு, 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94ஆம் பிரிவு. தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரை, முடிவெடுக்க அதிக ஆதரவு தேவைப்படும்போது, 89ஆம் பிரிவின்கீழ் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள்ளும் மற்றவர்களுக்கு 7 நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெளிவு வந்ததும் அவரிடமே சம்மதம் கேட்க வேண்டும். தினமும் மாத்திரை வேண்டாம் என்பவருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசி உண்டு. அதைப் பக்கத்து ஊர்ச் செவிலியரே போடலாம். ஆனால் ‘மாத்திரை போடாவிட்டால் ஊசி போட்டுவிடுவேன்’ என்று மிரட்டும் வாயிலிருந்து அது வரக் கூடாது.

பரிசோதனை அறையில் நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி ஐந்து பேர் நிற்க, ‘குரல் கேட்கிறதா, யாரையாவது அடிச்சியா’ என்று கேட்டால் எவர்தான் வாயைத் திறப்பார்? ஒரு திரைச்சீலை, ஒவ்வொருவராக உள்ளே அழைப்பது, முதலில் நோயாளியிடம் தனியே பேசிவிட்டுப் பிறகு அவர் அனுமதியோடு வீட்டாரை அழைப்பது, ‘நீங்க’ என்று பேசுவது. இவற்றுக்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். இரகசியம் காப்பது 23ஆம் பிரிவின்படி கட்டாயம். தன் சிகிச்சைப் பதிவேட்டை நோயாளி கேட்டால் பார்க்கும் உரிமை 25ஆம் பிரிவில் இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெளியே ஓட முடியாமல் இறந்தார்கள். எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 95ஆம் பிரிவு இன்று சொல்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை கொடுப்பதையும் அதே பிரிவு தடைசெய்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போகாதீர்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. அங்கே போகும்போது மாத்திரையையும் பையில் எடுத்துப் போங்கள் என்றுதான் சொல்கிறோம். கட்டிவைக்கிற இடம் எதுவானாலும், எந்தப் பெயரில் நடந்தாலும், அது சட்டவிரோதம்.

‘ஆலோசகர்’ என்ற பலகையை இன்று யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள முடிகிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் பணத்தையும் இரகசியத்தையும் கொடுக்காதீர்கள். உளவியலாளர் மாத்திரை எழுதக் கூடாது. ‘மாத்திரையெல்லாம் நிறுத்துங்கள், பேசியே குணப்படுத்துகிறேன்’ என்று மனச்சிதைவு நோயாளியிடம் சொல்கிறவர் ஆபத்தானவர்.

தற்கொலைக்கு முயன்றவரைக் கொண்டுவரும்போது போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் நேரம் வீணாகிறது. வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் இல்லை. மருத்துவமனை பதிவு செய்வது பதிவுக்காக மட்டுமே. வயிற்றுக்குள் போனது என்ன என்று மறைக்காமல் சொல்லுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் இரண்டு வேண்டுகோள். கொலைச் செய்தியில் ‘மனநோயாளி வெறிச்செயல்’ என்ற தலைப்பைத் தவிர்க்க வேண்டும். அந்தத் தலைப்பைப் படித்த மறுநாள் ஓபிக்கு வரத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, உங்கள் மாவட்டப் பக்கத்தில் நாளைய மின்தடை எந்தெந்த ஊரில் என்று தினமும் அச்சிடுகிறீர்கள். மக்கள் அதைப் பார்த்துத்தான் மாவு அரைத்து வைக்கிறார்கள். அதே பக்கத்தில் வாரம் ஒருமுறை, எந்தத் தாலுகா மருத்துவமனையில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மனநல மருத்துவர் இருப்பார், இந்த வாரம் அவர் வரவில்லையென்றால் மாற்றுநாள் எது என்பதை நான்கு வரியில் போடுங்கள். கீழே இரவு பகல் எந்நேரமும் பேசலாம் என்று 14416 என்ற, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். விவரத்தை மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர் பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பாமல் இருக்க அந்த நான்கு வரி உதவும்.

இப்படிக்கு,
மனநலப் பணியில் உள்ள செவிலியர், சமூகப் பணியாளர், மருந்தாளுநர் சிலர்